பதினாலாம் நம்பருக்கு அறுபது பேர்

ஏழு பத்து பஸ் வருவதற்கு இருபது நிமிஷம் முன்பே தண்ணீர்த்தொட்டி நிறுத்தத்தில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். பிளம்பர் தன் இரும்புப் பையோடு நின்றார். கணக்கு டீச்சர் திருத்திய நோட்டுக்கட்டை நெஞ்சோடு அணைத்திருந்தார். எதிர்வீட்டு வங்கிக்காரர்கூட வந்திருந்தார். தினமும் காரை வெளியே எடுக்கும்போது தெருவையே எழுப்புகிற மனுஷன், அதனால் எங்களுக்கு அவர் 'ஹாரன்'. எனக்கோ சிரிப்பும் வருகிறது, பயமும் வருகிறது.

விஷயம் இதுதான். பதினாலாம் நம்பர் பஸ்ஸில் ஆள் இல்லை, காலை வண்டியை நிறுத்தப் போகிறோம் என்று போக்குவரத்து அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். நாங்கள் போய்ச் சண்டை போட்டதில் ஒரு நாள் கொடுத்தார்கள். அன்றைக்கு ஆள் வந்து எண்ணுவார். வண்டி பாலத்தைத் தாண்டும்போது உள்ளே அறுபது பேர் இருந்தால் பஸ் ஓடும், இல்லாவிட்டால் அடுத்த மாதம் முதல் கிடையாது. ஆளைக் குறைத்தது யார்? நாங்கள்தான். ஸ்கூட்டர் வாங்கிய மறுநாளே பஸ்ஸை மறந்தவள் நான். வெட்கமாகத்தான் இருக்கிறது, என்ன செய்ய.

மறக்காதவள் என் அக்கா. பெரிய ஆஸ்பத்திரிச் சமையலறையில் முன்னூறு பேருக்கு ஆக்கிப் போடுகிறவள். ஐந்து வருஷமாகக் கண் மங்கிக்கொண்டே வருகிறது. முகம் தெரியாது, நிறம் தெரியும். பச்சையாகப் பெரிதாக ஒன்று வந்து நின்றால் ஏறிவிடுவாள். சமையலறையில் எந்தப் பாத்திரம் எங்கே என்று கைக்குத் தெரியும், அங்கே அவளுக்குக் கண்ணே வேண்டாம். பஸ் போனால் வேலை போச்சு. அப்புறம் மகன், மருமகளோடு போய் இருக்க வேண்டியதுதான்.

"அவங்க ரொம்ப நல்லவங்கடி. அதான் பயமா இருக்கு. ஒரு கரண்டியத் தொட விடமாட்டாங்க," என்றாள்.

ஸ்கூட்டரில் நான் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். வந்ததே கோபம். "உன் முதுகப் புடிச்சுக்கிட்டு எத்தனை வருஷம் போறது? பஸ்னா என் டிக்கெட்டு, என் சீட்டு. ஒருத்தரையும் கேக்க வேணாம்."

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் ஏது? இரண்டு வாரம் வீடு வீடாகக் கதவைத் தட்டினேன். ஒரு நாள் மட்டும் வா என்றால் எவரும் வரமாட்டார்கள், முதலில் பழக வேண்டும் என்று நச்சரித்தேன். முதல் நாள் ஏழு பேர், மூன்றாம் நாள் பதினைந்து. ஒன்பது வருஷமாக எதிரெதிர் வாசலில் இருந்தும் பேசிக்கொள்ளாத டீச்சரும் பிளம்பரும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள், டீச்சர் வீட்டுக் குழாய் ஒழுகுவது அப்படித்தான் தெரியவந்தது. ஹாரனின் கார் அசையாத காலைகளில் தெருவில் குருவிச் சத்தம் கேட்டது. பிள்ளைகள் சாலையின் நடுவிலேயே நடந்து பள்ளிக்குப் போனார்கள், பெற்றவர்கள் யாரும் பின்னால் ஓடவில்லை. பஸ்ஸில் பேசிச் சிரித்து இறங்குவதில் நான் வேலை செய்யும் துணி ஆலைக்குள் நுழையும்போதே எனக்கு முகம் மலர்ந்திருக்கும். இஸ்திரி மேசைக்காரி, "என்னடி, கல்யாணமா?" என்று கேட்டாள்.

எல்லாம் சரி, என் வாய் சும்மா இருந்ததா? முந்தின நாள் சாயங்காலம் யாரோ கேட்டார்கள், நிற்பவர்களையும் எண்ணுவார்களா என்று. எனக்கென்ன தெரியும்? பெரிய அதிகாரி மாதிரி, "உக்காந்திருந்தாத்தான் கணக்காம்," என்று அடித்துவிட்டேன். அவ்வளவுதான். இரண்டாம் நிறுத்தத்தில் ஏற வேண்டியவர்கள், மூன்றாம் நிறுத்தத்தில் ஏற வேண்டியவர்கள், அத்தனை பேரும் இடம் பிடிக்கத் திரும்பி நடந்து முதல் நிறுத்தமான தண்ணீர்த்தொட்டிக்கே வந்துவிட்டார்கள்.

பஸ் வந்தது. ஏறினோம், இடித்தோம், மிதித்தோம். முன்னால் கண்டக்டர் பக்கத்தில் பென்சிலும் அட்டையுமாக ஒல்லியான ஒருவர் நசுங்கி நின்றார், எண்ண வந்தவர். "நிக்கறவங்களையும் எண்ணுவேன், தயவுசெஞ்சு மூச்சு விட இடம் கொடுங்க," என்றார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

மூன்றாம் நிறுத்தத்தில் அக்கா நின்றிருந்தாள், தனியாக, துவைத்து மடிப்புக் கலையாத புடவையில். டிரைவர் வண்டி நிரம்பியதைப் பார்த்து நிறுத்தாமல் போனார். பச்சை நிறம் தன்னைக் கடந்து போவதைப் பார்த்து அவள் அப்படியே நின்றாள்.

"நிறுத்துங்க! எங்கக்கா! அவளுக்காகத்தானே இவ்வளவும்!" தொண்டை கிழியக் கத்தினேன். கண்டக்டர் விசிலை ஊதினார். கொஞ்ச தூரம் தள்ளி வண்டி நின்றது. விசில் வந்த திசையில் அக்கா நடந்து வந்தாள். படியில் கால் வைக்க இடமில்லை. கதவு மூடாமல் வண்டி நகராது.

"நான் இறங்குறேன், அந்தம்மா வரட்டும்," என்றார் பிளம்பர்.

"நீங்க இருங்க, நான் இறங்குறேன்," என்றார் டீச்சர்.

"யோவ், வழி விடுங்கய்யா, எனக்கு வீட்ல கார் நிக்குது!" ஹாரனின் குரல் பஸ்ஸுக்குள்ளும் ஹாரன்தான்.

"ஒருத்தரும் இறங்கக் கூடாது!" எண்ண வந்தவர் அலறினார். "நாப்பத்தெட்டு வரைக்கும் எண்ணினேன், எல்லாம் போச்சு. அசையாதீங்க!" அக்காவைப் பார்த்தார். கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். "இந்த வண்டியில கணக்குல வராத ஆள் நான் ஒருத்தன்தான்," என்று சொல்லிவிட்டு, கூட்டத்தைப் பிளந்து இறங்கிவிட்டார். அக்கா ஏறினாள். கதவு மூடியது.

எனக்கு உயிரே போய்விட்டது. எண்ணுகிற ஆளே கீழே நின்றால் யார் எண்ணுவது? வண்டி நகர்ந்தது. பாலத்துக்கு முன்னால் கார்கள் வரிசை கட்டி நின்றன, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு ஆள். பஸ் ஊர்ந்தது. அப்போது பின்பக்கத்தில் யாரோ கூச்சலிட்டார்கள். பார்த்தால், பேப்பர் போட்டு முடித்துவிட்டு வந்த ஒருவரின் சைக்கிள் கேரியரில் நம்முடைய ஆள்! ஒரு கையால் சீட்டைப் பிடித்து, பென்சிலைப் பல்லில் கடித்துக்கொண்டு, கார்களுக்கு இடையில் புகுந்து எங்கள் ஜன்னலோரம் வந்துவிட்டார்.

"கையத் தூக்குங்க! தலை தெரியல, கையத் தூக்குங்க!"

பஸ் முழுக்கக் கைகள் எழுந்தன. ஜன்னலுக்கு வெளியே கைகள், கம்பிகளுக்கு மேலே கைகள். உள்ளே ஒரே சிரிப்பு. சைக்கிள்காரர் மூச்சு வாங்க மிதிக்க, கேரியரில் இருந்தவரின் உதடுகள் அசைந்துகொண்டே வந்தன. ஐம்பத்தைந்தா, அறுபதா, எங்களுக்குக் கேட்கவில்லை.

"என்னடி நடக்குது?" அக்கா என் தோளைத் தேடிப் பிடித்தாள்.

"எண்ணுறாங்கக்கா. கையத் தூக்கு."

அவள் சைக்கிள் இருந்த பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் திரும்பி, வலது கையை உயர்த்தினாள். வண்டி பாலத்தில் ஏறியது, இறங்கியது. ஒவ்வொருவராகக் கையை இறக்கிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். அக்கா மட்டும், ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும், இறக்கவே இல்லை.