யாருக்கும் தெரியாத மாதிரி

அந்தப் பார்லர்க்காரிக்குத் தலையைப் பார்த்தாலே போதும், ஆளின் கதை தெரிந்துவிடும். நாற்காலியில் உட்கார்ந்த மறு நிமிடமே "ஷாம்புவை மாத்திட்டீங்களா? சரியாத் தூங்கறதே இல்லையா?" என்று கேட்டு, வந்தவர்களை அசர வைப்பாள். அப்படிப்பட்டவள் தான் பெற்ற மகளின் தலையைப் பார்த்து ஏமாந்துவிட்டாள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவள் ஏமாறவில்லை. தெரிந்தே தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டாள்.

மகளுக்குப் பத்து வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது, வலது காதுக்கு மேலே சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வழுக்கை கையில் பட்டது. புழுவெட்டாக இருந்தால் அந்த இடம் வழவழவென்று இருக்கும். இங்கே குட்டையும் நெட்டையுமாக முடிகள் விரலைக் குத்தின. தானாகக் கொட்டிய முடி இல்லை, பிடுங்கிய முடி. தொழில் படித்த முதல் மாதமே சொல்லிக்கொடுத்த பாடம் அது. ஆனால் வாயில் வந்ததோ வேறு.

"புழுவெட்டுடி. எண்ணெய் தடவினா சரியாப் போயிடும்."

மகள் தலையாட்டினாள். அம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

அன்றிலிருந்து தினமும் காலையில் அரை மணி நேரம் தலை அலங்காரம். வால் சீப்பால் வகிடை இடப்பக்கம் தள்ளி, மேல் முடியைச் சரித்து, வழுக்கையில் கருப்புப் பொடி தூவி, அதன்மேல் நெருக்கமாக ஒரு பின்னல். பொத்தான் அளவு உள்ளங்கை அளவானபோது பின்னல் இரண்டாயிற்று, பிறகு நான்கு. கல்யாணப் பெண்ணுக்குக்கூட அவள் அவ்வளவு மெனக்கெட்டதில்லை. பள்ளிக்கூட வாசலில் மற்ற அம்மாக்கள், "எங்களுக்கும் கொஞ்சம் சொல்லிக்கொடுங்களேன்" என்று பொறாமைப்பட்டார்கள். சனியன் பிடித்த கைத்திறமை!

ஒரு நாள் மகளின் வகுப்பு டீச்சரே புருவம் திருத்திக்கொள்ள வந்தார். கண்ணை மூடிச் சாய்ந்தபடி பேச்செடுத்தார்.

"உங்க பொண்ணு கொஞ்ச நாளா யார்கூடவும் சேர மாட்டேங்கறா. பரீட்சையில பாதி எழுதிட்டு அப்படியே உட்கார்ந்துடறா. பசங்ககிட்ட மனசு விட்டுப் பேசறதுக்குன்னு செவ்வாய்க்கிழமை ஒரு மேடம் வர்றாங்க. அவங்ககிட்ட அனுப்பலாமான்னு நெனச்சேன்."

பார்லர்க்காரியின் கையில் இருந்த நூல் நின்றது.

"அப்புறம் நானே வேணாம்னு விட்டுட்டேன். இவ்ளோ அழகாத் தலை பின்னி அனுப்பற வீட்ல பிள்ளைக்கு என்ன குறை இருக்கப் போகுது?" என்று சிரித்தார் டீச்சர்.

அப்போது வாயைத் திறந்திருக்கலாம். கடையில் வேறு ஆளே இல்லை. "டீச்சர், அந்தப் பின்னலைக் கொஞ்சம் பிரிச்சுப் பாருங்க" என்று ஒரே ஒரு வார்த்தை போதும். அவள் என்ன சொன்னாள் தெரியுமா?

"அவ சுபாவமே அப்படி டீச்சர். வீட்ல நல்லாச் சாப்பிடறா, நல்லாத் தூங்கறா." சொல்லிவிட்டு இன்னொரு புருவத்தைத் திருத்தினாள்.

கடைசியில், எவ்வளவு பின்னியும் மறையாத நிலை வந்த பிறகு தோல் டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது தோல் சமாச்சாரம் இல்லம்மா" என்று குழந்தைகளுக்கான மனநல டாக்டருக்குச் சீட்டு எழுதினார். அங்கே இரண்டு மாதம் கழித்துத்தான் தேதி கிடைத்தது. பஸ் ஓட்டும் அப்பாக்காரன் சீட்டைப் பார்த்துவிட்டு எகிறினான். "பைத்தியம்னு பேர் வாங்கிக் கொடுக்கப் போறியா? வெளிய மூச்சு விடக்கூடாது, சொல்லிட்டேன்."

அன்று சாயங்காலம் அவள் மகளை மடியில் சாய்த்துக்கொண்டு முதல்முறையாகக் கேட்டாள். "ஏண்டி கண்ணு பிடுங்கறே?"

"உள்ள படபடன்னு வருதும்மா. ஏன்னு தெரியல. ஒண்ணு பிடுங்கினா கொஞ்ச நேரம் நிக்குது."

அவள் அழுதாள். அழுது என்ன? மறுநாளும் பொடி தூவிப் பின்னித்தான் அனுப்பினாள். அந்த வார வெள்ளிக்கிழமை மகள் உச்சியில் ரத்தக் கசிவோடு வந்து நின்றதும் ஆத்திரமும் பயமும் சேர்ந்து வந்தன. கடை மெஷினை எடுத்து ஒட்ட மழித்துவிட்டாள். பிடுங்க முடி இருந்தால்தானே! பேன் தொல்லை என்று பள்ளிக்குச் சொல்லியாயிற்று, தொப்பி போட்டாயிற்று.

மூன்றே வாரத்தில் பெண்ணுக்குப் புருவம் இல்லை.

டாக்டரிடம் போகும் நாள் வந்தது. பஸ்ஸில் தெரிந்த முகம் எதுவும் பார்த்துவிடக் கூடாதே என்று, புருவப் பென்சிலைச் சீவி ஒவ்வொரு முடியாக வரைந்தாள். டாக்டர் அறை வாசலில் துடைத்துவிடலாம் என்று ஈரப் பஞ்சைப் பையில் வைத்துக்கொண்டாள். போன இடத்திலோ, எதிர் பெஞ்சில் அவள் கடைக்கு மாதம் தவறாமல் வரும் ஓர் அம்மா பேரனோடு உட்கார்ந்திருந்தார். பஞ்சு பையிலேயே இருந்தது.

வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். டாக்டர் சீட்டைப் படித்துவிட்டுத் தொப்பியைக் கழற்றிப் பார்த்தார். தலை முழுக்க ஒரே சீராக அரை விரல்கடை முடி.

"பிடுங்கறது நின்னுடுச்சு போலிருக்கே? இப்ப எப்படி இருக்கே பாப்பா?"

பார்லர்க்காரி பைக்குள் கையை விட்டாள். பஞ்சு விரலில் பட்டது. மகளின் குட்டிக் கை வந்து அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்தது. அந்தக் கண்களில் இருந்த கெஞ்சலைப் பார்த்ததும் பஞ்சை விட்டுவிட்டு வெறுங்கையை வெளியே எடுத்தாள். மறைக்கக் கற்றுக்கொடுத்தவளே அவள்தானே, இப்போது எந்த முகத்தோடு மகளைக் காட்டிக்கொடுப்பாள்?

"நல்லா இருக்கேன் டாக்டர்," என்றாள் மகள். "நின்னுடுச்சு."

"வெரி குட். ஆறு மாசம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்கம்மா." அடுத்த சீட்டுக்கு மணி அடித்தது.

தெருவுக்கு வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள். திரும்பிப் போய்க் கதவைத் தட்ட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் பஸ் வருகிறதா என்றுதான் எட்டிப் பார்த்தாள். மகள் தொப்பியைச் சரிசெய்தபடி அண்ணாந்து பார்த்தாள். பல நாளைக்குப் பிறகு அந்த முகத்தில் ஒரு சிரிப்பு.

"டாக்டருக்குக்கூடத் தெரியலம்மா. நீ அவ்ளோ நல்லா வரைஞ்சிருக்கே."