சாம்பலானின் கடைசி மந்திரம்

மேசை மேல் கிடந்த மாத்திரை அட்டைகளையும் மருந்துப் புட்டிகளையும் இரண்டு கையாலும் வழித்து ஒரு வாளியில் போட்டார் மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர். மேசையைத் தள்ளிக்கொண்டு போய் மனைவியின் கட்டிலோடு ஒட்டிப் போட்டார். அதன் மேல் அவள் வரைந்த வரைபடத்தை விரித்து, நாலு மூலைக்கும் நாலு கண்ணாடிக் கூடுகளைப் பாரம் வைத்தார்.

"இன்னைக்கோ நாளைக்கோ" என்று காலையில் டாக்டர் வாசலில் நின்று மெல்லச் சொன்னது அவள் காதில் விழுந்துவிட்டது. அழவில்லை, ஆர்ப்பாட்டம் பண்ணவில்லை. "அப்ப அவங்கள இன்னைக்கே வரச் சொல்லுங்க. சாம்பலான் பாக்கி இருக்கான்" என்றாள்.

வந்தவர்கள் மூன்று பேர். கோர்ட்டில் தட்டச்சு செய்கிறவள், பஸ் ஓட்டுகிறவர், ஒரு பல் டாக்டர். பதினோரு வருஷமாக ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த வீட்டில் கூடி, பகடை உருட்டிக் கதை விளையாடுகிறவர்கள். ஓட்டுநர் கதைக்குள் ஒரு திருடன், பல் டாக்டர் கோடாலிக்காரன், தட்டச்சுக்காரி குதிரை வீராங்கனை. யார் என்ன செய்கிறார்கள் என்று அவரவர் சொல்ல வேண்டும். அது பலிக்குமா பலிக்காதா என்பதை இருபது முகமுள்ள பகடை சொல்லும்; எண் பெரிதாக விழுந்தால் பலிக்கும். மிச்சமுள்ள உலகம் முழுவதற்கும், அதிலுள்ள கெட்டவன் சாம்பலானுக்கும், குரல் கொடுப்பது கடைக்காரரின் மனைவி.

கடைக்காரருக்கு இந்தச் சமாசாரம் பிடிபட்டதே இல்லை. "பல்லு போற வயசுல பூச்சாண்டி விளையாட்டு" என்பார். "அதுக்குத்தாங்க பல் டாக்டரையும் சேர்த்திருக்கேன்" என்பாள்.

அவள் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்தவள். சிறு வயதில் ஒரு வாரப் பத்திரிகையில் வந்த வாள்வீரன் கதைகளைக் கத்தரித்து வைத்திருந்தாள், மொத்தம் இருபத்து மூன்று. எல்லாவற்றிலும் வீரன் ஜெயிப்பான், மந்திரவாதி சாம்பலான் தப்பித்துவிடுவான். அடுத்த வாரமும் பத்திரிகை விற்க வேண்டுமே! அந்தத் தேசத்தை மேசையில் விளையாடும்படி மாற்ற உட்கார்ந்தவள், முதல் வேலையாக வீரனைக் கொன்றுபோட்டாள். "அவனே எல்லாத்தையும் வெட்டிட்டா, வந்து உக்கார்றவங்க என்ன பண்ணுவாங்க?" அடுத்து அளவுகோலை எடுத்தாள். வீரன் ஒரே ராத்திரியில் கடந்த பாலைவனம் நானூறு கிலோமீட்டர் வந்தது. "குதிரை செத்துரும்" என்று பாலைவனத்துக்கு அப்பாலிருந்த மலையையே இழுத்துக் கிட்டே வைத்தாள். ஒரு கதையில், மந்திரம் போட்டதும் சாம்பலானுக்கு ஒரு முடி நரைத்தது என்று போகிறபோக்கில் ஒரு வரி இருந்தது. அதைப் பிடித்து ஒரு விதியாக்கினாள். சாம்பலானுக்கு ஆயுள் ஆயிரம் வருஷம். மந்திரம் ஒன்றுக்குப் பத்து வருஷம் போகும்.

இன்றைக்கு அவளால் கையைத் தூக்க முடியவில்லை. "நீங்க என் கை. பகடைய மட்டும் உருட்டுங்க. வாய் வேண்டாம்" என்று கணவரிடம் சொல்லிவிட்டாள்.

ஆட்டம் ஆரம்பித்து ஒரு மணி நேரத்தில் திருடன் குற்றுயிராகக் கிடந்தான். கோடாலி இரண்டாக உடைந்திருந்தது. சாம்பலான் கோபுரத்தின் உச்சியில் கொழுக்கட்டை மாதிரி நின்றான், ஒரு கீறல் இல்லை. இவள் கண்ணை மூடுவதற்குள் அந்தப் பாவி செத்துத் தொலைய வேண்டும், அவ்வளவுதான் கடைக்காரருக்கு வேண்டும். அடுத்து சாம்பலானுக்காக அவர் உருட்டிய பகடை பத்தொன்பதில் நின்றது. யாரும் பார்க்காதபோது ஆள்காட்டி விரலால் அதை இரண்டுக்குப் புரட்டினார்.

"திருப்பி வைங்க" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே.

"என்னத்த?"

"முப்பது வருஷமா உங்க கூட இருக்கேன். மூச்சு விடறதுல தெரியாதா? வைங்க."

அவர் வைத்தார். சாம்பலானின் நெருப்பு குதிரையைச் சுட்டது.

தட்டச்சுக்காரி தன் பையிலிருந்து தடித்த நோட்டு ஒன்றை எடுத்துப் புரட்டினாள். ஒவ்வொரு ஆட்டத்திலும் நடந்ததை ஒரு வரி விடாமல் எழுதி வைப்பவள் அவள்.

"அக்கா, இப்ப போட்டது அவனோட எத்தனாவது மந்திரம்?"

"அதை யாரு எண்ணினா?"

"நான் எண்ணிருக்கேன். தொண்ணூத்தொம்பது."

கட்டிலில் இருந்தவளின் கண் திறந்தது. "நெஜமாவா?"

"கோர்ட்டுல பதினெட்டு வருஷமா எழுதறேங்க்கா. ஒண்ணும் விடமாட்டேன்."

"அட கடவுளே" என்றாள் அவள். "நான் கவனிக்கவே இல்லையே!" காய்ந்த உதடு விரிந்தது. தன் விதியிலேயே தான் தோற்கப் போகிறவளுக்கு இத்தனை சந்தோஷம் வருமா என்று கடைக்காரர் வாயைப் பிளந்தார்.

"இன்னும் ஒண்ணு போட்டான்னா ஆள் காலி" என்றார் ஓட்டுநர். "ஆனா போடமாட்டானே. அவன் என்ன முட்டாளா?"

"தானா போடமாட்டான்" என்றாள் அவள். "பச்சை அட்டைய படிங்க."

கடைக்காரர் விதிகள் எழுதிய அட்டைகளுக்குள் பச்சையைத் தேடி எடுத்து, அவள் கையெழுத்தைச் சத்தமாகப் படித்தார். "சாம்பலான் கேலியைப் பொறுக்க மாட்டான். மேசையில் இருப்பவர்கள் அவனைப் பார்த்து நிஜமாகச் சிரித்தால், மந்திரம் போட்டே தீர வேண்டும். பொய்ச் சிரிப்பு செல்லாது."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓட்டுநர் ஏதோ வேடிக்கையாகச் சொல்லப் போய், கட்டிலைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பல் டாக்டர் சிரித்துப் பார்த்தார். அது சிரிப்பாக இல்லை. "செல்லாது" என்றாள் அவள். மூச்சு வாங்கியது. தட்டச்சுக்காரி முகத்தை நோட்டுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"நான் பேசலாமா?" என்றார் கடைக்காரர்.

"பேசுங்க, ஒரு தடவை."

அவர் வரைபடத்தில் கோபுரத்தின் மேல் நின்ற சாம்பலானின் சின்னப் பொம்மையைக் குனிந்து உற்றுப் பார்த்தார். கடையில் வாடிக்கையாளரின் முகத்தைப் பார்க்கிற பார்வை அது.

"ஏம்ப்பா, ஆயிரம் வயசாகுது, இன்னும் கண்ணாடி போடலியா? அதான் பதினோரு வருஷமா இந்த மூணு பேருக்கும் வெச்ச குறி தப்பிட்டே இருக்கு. ஒரு எட்டு கடைக்கு வா. கிட்டப்பார்வையா தூரப்பார்வையான்னு பாத்துடலாம். அந்தத் தொப்பிய மட்டும் கழட்டிட்டு வா, கதவு இடிக்கும்."

முதலில் ஓட்டுநருக்குத்தான் வெடித்தது. பிறகு பல் டாக்டருக்கு. தட்டச்சுக்காரி நோட்டைக் கீழே போட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். கட்டிலில் கிடந்தவளுக்கும் தோள் குலுங்கியது, சத்தம் வரவில்லை.

"இது செல்லும்" என்றாள். "போடுங்க."

அவர் பகடையை உருட்டினார். அது எங்கே போய் நின்றது என்று யாரும் பார்க்கவில்லை.

"கையத் தூக்குறான்" என்றாள் அவள். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு எடுத்துக்கொண்டாள். "தாடி வெளுக்குது. விரல் உதிருது. அங்கி மட்டும் நிக்குது. காத்து அடிக்குது... அங்கியும் விழுந்திருச்சு." கொஞ்சம் நிறுத்தினாள். "ஜெயிச்சுட்டீங்க."

மூன்று பேரும் எழுந்து நின்று கத்திய கத்தலில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. கடைக்காரரும் கத்தினார், கத்தியது தான்தான் என்று அவருக்கே பிறகுதான் தெரிந்தது. அவள் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். தன் ஜென்மம் முழுவதும் வரைந்த ஊருக்குள் ஆட்கள் குடிவந்துவிட்டதைப் பார்க்கிறவள் போல நிறைவாகப் பார்த்தாள். "நல்ல விதி, இல்ல?" என்றாள். பிறகு அவர் கையைப் பிடித்தபடி தூங்கினாள். கொஞ்ச நேரத்தில் அந்தத் தூக்கமும் நின்றது.

காலையில் வந்த டாக்டர் திரும்ப வந்து நாடியைப் பார்த்துவிட்டு, இறப்பைக் குறிக்கும் தாளை எடுத்தார். "எத்தனை மணிக்கு?"

தட்டச்சுக்காரி நோட்டைப் பார்த்து, குரல் நடுங்காமல் படித்தாள். "நாலு பத்துக்குச் சாம்பலான். நாலு முப்பத்தஞ்சுக்கு அக்கா."

"சாம்பலானா? அது யாரு? இந்த வீட்டுலயா?"

"இங்கதான் இருந்தான் டாக்டர்" என்றார் கடைக்காரர். "பதினோரு வருஷமா. இவளுக்கு முன்னாடியே அனுப்பிட்டோம்."

டாக்டர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி நாலு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பல் டாக்டர் எழுந்து தன் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டு, "உக்காருங்க டாக்டர், கதை பெருசு" என்றார்.