கண்ணுக்கு எட்டாத இடம்

திருமலைக் கல்யாணக்கட்டாவில் பெண்களுக்கு முடியிறக்கும் வேலையில் யமுனாவுக்கு அது பதினோராவது வருடம். பலகையில் உட்கார்ந்தால் ஒரு நாளைக்கு ஐம்பது அறுபது தலை. வேண்டுதலோடு வந்தவர்கள் எதிரே குனிந்து உட்காருவார்கள். இவள் தண்ணீர் தெளித்து, கத்தியில் புது பிளேடு மாட்டி, உச்சியிலிருந்து இறக்குவாள். அந்தப் புரட்டாசியில் அவளுக்கு உட்காருவதே வேதனையாகிப் போயிற்று.

முதுகுத்தண்டு முடிகிற இடத்தில், பிட்டத்துப் பிளவுக்குச் சற்று மேலே ஒரு கட்டி. இரண்டு வருடத்துக்கு முன் இதே இடத்தில் வந்ததைச் சித்தூரில் அக்கா வீட்டில் தங்கிக் கீறி எடுத்திருந்தாள். ஆறாத குழியாக அது இரண்டு மாதம் கிடந்தது. அக்காதான் தினமும் துணி திணித்துக் கட்டினாள். கணவன் சுரேஷ்பாபுவிடம் "இடுப்புல கொப்புளம்" என்றதோடு சரி.

இப்போது அது திரும்பி வந்ததை யாரிடமும் சொல்லவில்லை. சீழ் கசிந்தது. பழைய சேலையைக் கிழித்து மடித்து வைத்துக்கொண்டாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். வாடை அவளுக்கே தெரிந்தது. ஆடி மாதத்தில் ஒரு நாள் சுரேஷ்பாபு தன் பாயை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனான். "ஷிப்டு மாறுது, உன் தூக்கம் கெடும்" என்றான். வாடைதான் காரணம் என்று யமுனா முடிவுகட்டிக்கொண்டாள். கேட்கவில்லை.

புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை, பாதித் தலை இறக்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்துப் பலகைக் கமலம்மா மெல்ல அவள் தோளைத் தொட்டாள்.

"எந்திரிச்சா நேரா நடக்காத. நான் பின்னால துண்டைப் புடிச்சிக்கினு வரேன். சேலையெல்லாம் ரத்தம்."

கழிவறை வாசலில் யமுனா எல்லாவற்றையும் சொன்னாள். கமலம்மா திட்டவில்லை. திங்கட்கிழமை லீவு போட்டு, திருப்பதியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். லேடி டாக்டராக இருப்பார் என்று நம்பித்தான் யமுனா போனாள். இருந்தவர் நாகபூஷணம், அறுபது வயதுக்காரர். அதிக நேரம் பார்க்கவில்லை. பார்த்துவிட்டு, அவள் சேலையைச் சரிசெய்கிறவரை ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

"பைலோனிடல் சைனஸ்னு பேரும்மா. முடி தோலுக்குள்ள குத்திப் போயி உள்ளயே கூடு கட்டிடும். ஆம்பளைங்களுக்குத்தான் ஜாஸ்தி. பொம்பளைங்க வெக்கப்பட்டுக்கினு லேட்டா வருவாங்க."

"திரும்பவும் அறுக்கணுமா சார்?"

"பெருசா அறுக்க வேணாம். இருக்கிற ஓட்டை வழியாவே முடியைச் சுத்தம் பண்ணி, நூலாட்டம் லேசர் ஃபைபரை உள்ள விட்டு, அந்தப் பாதையைச் சுட்டுடலாம். மறுநாள் வீட்டுக்குப் போகலாம். ஆனா திரும்ப வராதுன்னு நான் எழுதித் தர முடியாது. தினம் யாராவது பார்க்கணும். சுத்தி முடி வளரவிடாம வாராவாரம் ஷேவ் பண்ணணும். உன் கை எட்டாது. வீட்ல யாரு இருக்காங்க?"

கமலம்மாதான் சொன்னாள்: "புருஷன் கீறாரு சார்."

அன்று சாயங்காலம் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினான் சுரேஷ்பாபு. செல்போன் பாகங்களைப் பூதக்கண்ணாடி வைத்துச் சோதிக்கும் வேலை அவனுக்கு. யமுனா அடுப்பைப் பார்த்தபடியே, திரும்பாமல் சொல்லி முடித்தாள். திரும்பிப் பார்த்தால் தரையில் உட்கார்ந்திருந்தான்.

"அப்ப கேன்சர் இல்லியா?"

"இன்னாது?"

"குளிக்கிற ரூம்ல பக்கெட்டுக்குப் பின்னால துணியப் பார்த்தேன். மூணு மாசமா பார்த்துக்கினு கீறேன். எங்கம்மாவுக்கு அப்படித்தான் ஆரம்பிச்சுது. கேட்டா நீ ஆமான்னுடுவியோன்னு பயம்."

"அதுக்கா வெளிய போய்ப் படுத்த?"

"நீ செவுத்தையே பார்த்துக்கினு படுத்தா நான் இன்னா நெனைக்கிறது? நான் கிட்ட வரதே உனக்குப் புடிக்கலன்னு நெனைச்சேன்."

"நாத்தம் மாமா. அதான்."

சோறு பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது. எழுந்து போய் கேஸை மூடினது அவன்தான்.

புதன்கிழமை முதுகில் ஊசி போட்டுக் குப்புறப் படுக்கவைத்தார்கள். இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. அரை மணிக்கு மேல் ஆயிற்று. முடிந்ததும் டாக்டர் ஒரு ஸ்டீல் கிண்ணத்தை அவள் முகத்தருகே கொண்டுவந்தார். ஈரத்தில் சுருண்ட முடிக்கொத்து. நடுவே இரண்டு மூன்று நரைமுடிகள். யமுனாவின் தலையில் ஒரு நரைகூட இல்லை.

"எல்லாம் உன்னுதுன்னு இல்லம்மா. நீ இறக்கற முடி பறந்து, துணியில ஒட்டி உள்ள போயிருக்கும்."

எந்த ஊர்க் கிழவியோ, எந்தக் கஷ்டத்துக்கு வேண்டிக்கொண்டு வந்தவளோ! யமுனாவுக்குக் கும்பிடத் தோன்றியது. ஒரு கையில் குளுக்கோஸ் ஊசி இருந்தது.

"அத இன்னா செய்வீங்க சார்?"

"எரிச்சிடுவாங்க."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

வீட்டில் முதல் நாள் கட்டு மாற்றும்போது முகத்தைத் தலையணையில் புதைத்து அழுதாள். பத்து வருடம் குடும்பம் நடத்தியும், வெளிச்சத்தில் இப்படி அவன் முன்னால் கிடந்ததில்லை. சுரேஷ்பாபு கையுறை மாட்டிக்கொண்டு வெகுநேரம் உற்றுப் பார்த்தான்.

"ரெண்டு சின்ன ஓட்டை. பென்சில் முனை அளவுதான். நான் இன்னமோ நெனைச்சிட்டேன்."

"நாறுதா?"

"மருந்து வாடைதான்."

இரண்டாம் வாரம் ஷேவ் பண்ண வேண்டி வந்தது. ரேசரை அவன் நிமிர்த்திப் பிடித்திருப்பது அவளுக்குத் தோலில் தெரிந்தது.

"தோலை இழுத்துப் புடி. நிமித்தாத, சாய்ச்சு வை. முடி படுத்துக்கினு கீற பக்கமாவே போ."

"ஊரு தலையெல்லாம் இறக்கனவ நீ. உங்கிட்ட நான் கத்தி புடிக்கிறேன் பாரு."

சிரித்ததில் வலித்தது. "ஆடாத" என்றான்.

மூன்றாம் வாரம் ஒரு ஓட்டை மறுபடி கசிந்தது. இருவரும் பயந்துபோய் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். டாக்டர் கழுவிவிட்டு, "பொறுங்க, உள்ளயிருந்துதான் ஆறணும்" என்றார். ஏழாவது வாரம், கார்த்திகையில், இரண்டும் மூடிக்கொண்டன. யமுனா வேலைக்குத் திரும்பினாள். பத்துத் தலைக்கு ஒருமுறை எழுந்து நின்றாள். வேலை முடிந்ததும் குளித்துச் சேலை மாற்றிக்கொண்டுதான் மலையிறங்கினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சுரேஷ்பாபு ரேசரைக் கழுவிக்கொண்டே கேட்டான்:

"கட்டு நின்னுபோச்சு. இது இன்னும் எவ்ளோ நாளு?"

"ரெண்டு வருஷம் பார்த்துக்கணும்னாரு. உனக்குக் கஷ்டமா கீதா?"

"இல்ல. இதுவும் நின்னுடுமோன்னு கேட்டேன்" என்று சொல்லிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு இட்லிமாவு வாங்கக் கிளம்பினான்.