ஞானசௌந்தரி டீச்சரின் இடது கை

“சாவியைக் குடுங்க சார். வெங்காய வேரைப் பசங்களுக்குக் காட்டிட்டேன்னா, நாளைக்கே ஆஸ்பத்திரியில போய்ப் படுத்துக்கிறேன்!” என்று ஞானசௌந்தரி டீச்சர் கத்த, “அது இன்ஸ்பெக்‌ஷனுக்கு வெச்சிருக்கிற சாமான்மா! லென்ஸ் உடைஞ்சா யார் பதில் சொல்றது?” என்று தலைமையாசிரியர் பரந்தாமன் அதைவிட உரக்கக் கத்தினார். 1986 ஆடி மாதம், திருமுல்லைவாயில் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த பள்ளியில் நடந்த சண்டை இது. காரணம், பள்ளியின் ஒரே மைக்ராஸ்கோப். அதன் பீரோச் சாவியைப் பரந்தாமன் அரைஞாண் கயிற்றில் கட்டியிருந்தார் என்பதால் யாரும் மேற்கொண்டு முயலவில்லை.

முந்தைய வாரம்தான் டீச்சரின் இடது புறங்கையில் ஒரே ஒரு செல் கண்ணுக்குத் தெரியத் தொடங்கியிருந்தது. தோலுக்கடியில் கோலிக்குண்டு அளவு, கண்ணாடி மாதிரி. நடுவில் மிளகு போல உட்கரு, சுற்றிலும் சோற்றுப் பருக்கைகளாக மைட்டோகாண்ட்ரியா. கணவர் பாஸ்கல் ஆவடித் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். வெயில் கட்டி என்று சொல்லிச் சுண்ணாம்பு தடவினார். பெரியாஸ்பத்திரி டாக்டர் மட்டும் ஒழுங்காகப் பார்த்துவிட்டு, “இப்பவே எடுத்துட்டா தழும்புகூட இருக்காது. ரெண்டாப் பிரிய ஆரம்பிச்சா நிக்காதும்மா” என்றார்.

டீச்சருக்கோ விடுப்பில் போனால் பதிலுக்கு ஆள் இல்லை. கரும்பலகையில் அவர் வரைந்த செல்லை முந்தைய வருஷத்துப் பத்தாம் வகுப்பு பொரித்த முட்டை என்று நினைத்து, பரீட்சையில் மிளகுத்தூள் வரை வரைந்து வைத்திருந்தது. இந்த வருஷப் பிள்ளைகளாவது கண்ணால் பார்க்க வேண்டும் என்று அவருக்குப் பிடிவாதம். சாவி வராது என்று தெரிந்ததும் வளையல் போட்ட கையையே ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டினார். பிள்ளைகள் ரேஷன் கடை வரிசையில் வந்து பார்த்தார்கள்.

“இன்னா டீச்சர் இது, பருக்க மாதிரி நெளிஞ்சிகினு கீது?” என்றாள் வனஜா.

“அதாண்டி மைட்டோகாண்ட்ரியா. நீ தின்ன இட்லியில இருந்து உனக்குத் தெம்பு எடுத்துக் குடுக்கிறது அதுதான்.”

“இது யார் இட்லிய துண்ணுது டீச்சர்?”

“என்னுதைத்தான்” என்றார் டீச்சர். வகுப்பே சிரித்தது.

செல் பகுப்புப் பாடம் அட்டவணைப்படி கார்த்திகையில்தான். முன்னால் நடத்திவிட்டுப் போகிறேன் என்று டீச்சர் கேட்டதற்கும் பரந்தாமன் ஒப்பவில்லை. செல்லும் அட்டவணையை மதிக்கிற ஜாதிபோல. அதுவரை பிரியாமல் இருந்துவிட்டு, பாடம் நடந்த வாரம் புதன்கிழமை மூன்றாவது பீரியடில் வேலையைத் தொடங்கியது. உட்கரு கரைந்து, நூல் நூலாகக் குரோமோசோம்கள் தெரிந்து, நடுவில் அணிவகுத்து, பாதிப் பாதியாக இரண்டு பக்கமும் இழுபட்டன. இடுப்பு ஒடுங்கி, ஒன்று இரண்டானது. பிள்ளைகள் கைதட்டினார்கள். டீச்சர் வலது கையால் கட்டங்களின் பெயரைப் பலகையில் எழுதி முடித்துவிட்டு, ரொம்ப நேரம் திரும்பவே இல்லை.

சனிக்கிழமைக்குள் நான்கு. கிறிஸ்துமஸுக்குள் கை மாதுளம்பழத்தை உடைத்த மாதிரி ஆகிவிட்டது. பக்கத்து வீட்டு நாகம்மா, “உசுரோட கையப் பாடம் பண்ணிக்கினியே, படிச்ச பொம்பளதானா நீ?” என்று வாசலில் நின்று திட்டித் திட்டி அழுதாள். தை மாதம் முழங்கையோடு எடுத்தார்கள். அதற்குள் நுரையீரலுக்குப் போயிருந்தது. பங்குனியில், பரீட்சைக்கு எட்டு நாள் முன்பு, டீச்சர் போய்ச் சேர்ந்தார். அந்த வகுப்பில் அறிவியலில் ஒருவர்கூடத் தவறவில்லை. எல்லோரும் செல்லுக்குக் கீழே ஒரு வளையலையும் வரைந்திருந்தார்கள். திருத்தியவர் யாரோ அதற்கும் மதிப்பெண் போட்டிருக்கிறார்.

எடுத்த கையைப் பாஸ்கல் தையிலேயே ஒரு செருப்புப் பெட்டியில் வைத்துக் கல்லறைத் தோட்டத்தில் புதைத்திருந்தார். டாக்டர் சொன்னது சரிதான், அது நிற்கவில்லை. இரண்டு மழைக்காலத்தில் கை புதைத்த மண் மேடாக வளர்ந்து, பக்கத்திலேயே வைத்த டீச்சரின் கல்லறையை மூடியது. 1990இல் டீச்சரிடம் படித்த ஜேசுராஜின் அப்பா கல்லறை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. அன்று முதல் சர்ச்சுப் பங்குக் கமிட்டியார் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை, மழைக்கு முன்னால், தோட்டத்தின் மேற்குச் சுவரை இடித்து நாலடி தள்ளிக் கட்டுகிறார்கள். பூசையில் அதற்கென்று தனி அறிவிப்பு உண்டு. பாஸ்கல் டீச்சரின் சித்தி மகள் ஞானகுமாரியைக் கட்டிக்கொண்டு திருநின்றவூருக்குப் போய்விட்டார். வனஜாவைக் கரையான்சாவடியில் கொடுத்தார்கள். பரந்தாமன் ஓய்வு பெற்றுப் பெங்களூரில் மகன் வீட்டில் இருக்கிறார். சுவருக்கு மேற்கே மனை வாங்கி வீடு கட்டிய கங்காதரன்தான் கடைசிவரை தாக்குப் பிடித்தார். சமையலறைத் தரை மேடாகத் தொடங்கியதும் அவரும் பூந்தமல்லிக்குக் குடிபோனார்.