உடல் பச்சை, கரை சிவப்பு

முத்துக்குமார் சார் தேர்வுத் தாள்களை வீட்டுக்கு எடுத்துப் போக மாட்டார். பக்கத்தில் இருப்பவளிடம் மாற்றிக் கொடுத்துத் திருத்தச் சொல்லிவிட்டு, விடைகளைக் கரும்பலகையில் எழுதுவார். அந்த வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். ஆனால் அன்று முதலாவதாக வருகிறவள் மாவட்டக் கணிதப் போட்டிக்குப் போவாள். எங்கள் பதினொன்றாம் வகுப்பில் அந்த இடத்துக்கு இரண்டே பேர்தான், நானும் தர்ஷினியும். என் தாள் அவளிடம் இருந்தது, அவள் தாள் என்னிடம்.

ஐந்தாவது கேள்வி சேர்வுகள் பாடத்திலிருந்து. ஆறு நிறப் பட்டு நூல்களில் இரண்டு நிறங்களை எடுத்து எத்தனை விதமான சேலைகள் நெய்யலாம்? சார் பலகையில் பதினைந்து என்று எழுதினார். நானும் சூத்திரத்தைப் போட்டுப் பதினைந்து என்றே எழுதியிருந்தேன். தர்ஷினி முப்பது என்று எழுதி, கீழே ஒரு வரி சேர்த்திருந்தாள்: ‘உடல் பச்சை, கரை சிவப்பு ஒரு சேலை, உடல் சிவப்பு, கரை பச்சை வேறு சேலை.’

அவள் முசரவாக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். அவர்கள் வீட்டில் நெல்லும் வேர்க்கடலையும்தான். தறியை அவள் முதலில் பார்த்ததே எங்கள் வீட்டில், என் அப்பா நெய்துகொண்டிருந்தபோது. அவள் எழுதியது சரி என்று அந்த வகுப்பில் யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிய வேண்டும். தெரிந்தது. பேனா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு தப்பு என்று குறி போட்டேன்.

அடுத்த கேள்வி: வட்டத்தின் மேல் சம இடைவெளியில் எட்டுப் புள்ளிகள், அவற்றை இணைத்து எத்தனை செங்கோண முக்கோணங்கள் வரையலாம்? நான்கு விட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் மீதி ஆறு புள்ளிகள், ஆக இருபத்துநான்கு என்றார் சார். “ஸ்டெப்பு இதே மாதிரி இல்லன்னா மார்க் கிடையாது.”

தர்ஷினி எழுந்தாள். “சார், துர்கா வேற மாதிரி போட்டிருக்கா சார். செங்கோணம் வர்ற புள்ளிய மொதல்ல எடுத்துக்கினா. ஒரு புள்ளிக்கு மூணு முக்கோணம், எட்டு புள்ளிக்கு இருபத்தி நாலு. இதுவும் சரிதானே சார்?”

“அது உன் பேப்பராம்மா?”

“இல்ல சார்.”

“அப்புறம் நீ எதுக்கு வக்கீல் வேலை பாக்குற?”

வகுப்பு சிரித்தது. ஆனாலும் சார் என் தாளை வாங்கிப் பார்த்து, முழு மதிப்பெண் போட்டார். தர்ஷினி உட்கார்ந்து என் தொடையைக் கிள்ளினாள். “ஒரு குச்சி ஐஸாவது வாங்கித் தாடி.”

அவள் தாள் அப்போதும் என் கையில்தான் இருந்தது. எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மதிப்பெண்களைக் கூட்டிப் பதினெட்டு என்று போட்டுக் கொடுத்தேன். எனக்கு இருபது. அவள் தாளைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள், மடித்து வைத்துக்கொண்டாள்.

இரண்டு நாள் விடுமுறையில் தறி இருக்கும் அறைப்பக்கமே நான் போகவில்லை. திங்கட்கிழமை காலை முதல் ஆளாகப் போய், முப்பதுதான் சரி என்று சாரிடம் சொன்னேன். விரல்விட்டு எண்ணிப் பார்த்தவர், “இது எப்பம்மா தோணுச்சு?” என்றார்.

“நேத்துதான் சார்.”

வகுப்பில் அவர் தன் விடை தவறு என்று ஒப்புக்கொண்டார். தர்ஷினிக்கு இருபது, எனக்குப் பதினெட்டு, போட்டிக்கு தர்ஷினி. அதோடு விட்டிருக்கலாம். “தனக்கு நஷ்டம்னு தெரிஞ்சும் துர்கா தானா வந்து சொன்னா பாருங்க. எல்லாரும் கை தட்டுங்க.” மற்றவர்கள் நிறுத்திய பிறகும் தர்ஷினி தட்டிக்கொண்டிருந்தாள்.

மதியம் டப்பாவைத் திறந்துகொண்டே அவள் சொன்னாள்: “எனக்கு முப்பதுதான் சரின்னு தோணிக்கினே இருந்துச்சுடி. சார் மட்டும் பதினஞ்சுன்னு சொல்லியிருந்தா எழுந்து கேட்டிருப்பேன். வீட்ல தறி வச்சிக்கினு இருக்கற நீயே தப்புன்னு போட்டுட்டியா, சரி, நமக்குத்தான் ஒண்ணும் தெரியலன்னு வுட்டுட்டேன்.”

நான் என் டப்பாவைத் திறக்கவில்லை. “எனக்குத் திருத்தும்போதே தெரியும்.”

“என்னா தெரியும்?”

“நீ எழுதினது சரின்னு. தெரிஞ்சேதான் போட்டேன்.”

சிரிக்கப் போனவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். டப்பாவை மூடி வைத்தாள்.

“இத ஏன்டி எங்கிட்ட சொல்ற?” என்றாள் கடைசியில். “கை தட்டும்போது எவ்ளோ சந்தோஷமா இருந்தேன் தெரியுமா?”

‘பரவாயில்ல, வுடு’ என்று அவள் சொல்வாள் என நான் காத்திருந்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அவள் சொல்லவில்லை. எழுந்து போகவும் இல்லை. மணி அடிக்கும்வரை இருவரும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தோம்.