நீக்கப்பட்ட பெயர்

பதில் அனுப்பப் பதினைந்து நாள் கொடுத்திருந்தார்கள். அதில் பதினொன்று போய்விட்டது.

சட்டமன்றச் செயலகத்திலிருந்து வந்த நோட்டீஸில் இருந்தது ஆசிரியர் கிருபாசங்கரின் பெயர்தான். ஆனால் அது வந்த நாளிலிருந்து பார்வையெல்லாம் கயல்விழி மேல். காந்திபுரத்தில் ஒரு மாடியில் நடக்கும் சின்ன வாரப் பத்திரிகை அது. ஆசிரியர், விளம்பரம் பார்க்கும் மெர்சி, பக்கம் வடிவமைக்கும் கயல்விழி, இந்த மூன்று பேர்தான் அலுவலகம். சென்னையில் செய்தி சேகரிக்கப் பிரவின்குமார் என்று ஒருவன் இருந்தான்.

நடந்தது இதுதான். அன்னூர் பக்கம் ஒரு காலனியில், சுடுகாட்டுக்குப் போகும் பாதையை மறித்துக் கம்பி வேலி போட்டுவிட்டார்கள். அதைப் பற்றிச் சட்டமன்றத்தில் பேசிய உறுப்பினர் ஒருவர், வேலி போட்டது மில் முதலாளி பாலுசாமி என்று பெயரையும் சொல்லிவிட்டார். சபாநாயகர் அந்த வரியை அவைக் குறிப்பிலிருந்து நீக்கினார். நீக்கியதை யாரும் அச்சிடக் கூடாது. அச்சிட்டால் அவையின் உரிமையை மீறிய குற்றம். இவர்கள் பத்திரிகையில் மட்டும் பெயர் முழுசாக வந்தது.

அந்தக் காலனி கயல்விழியின் ஊர். சந்தேகப்பட அது போதுமானதாக இருந்தது.

"ஏண்டி கயலு, எங்கிட்டயாவது சொல்லு" என்றாள் மெர்சி. "நீக்கிப்போட்டாங்கன்னு உனக்குத் தெரியவே தெரியாதா?"

"தெரியாதுங்கக்கா."

"பிரவின் அன்னிக்கே கூப்பிட்டுச் சொல்லிப்போட்டேங்கறானே."

"ஆபீஸ் போனுக்குக் கூப்பிட்டிருக்கான். நான் எடுக்கல. பக்கத்த முடிச்சு அனுப்பிப்போட்டு ஆறரை பஸ்ஸப் புடிக்க ஓடிட்டேன்."

"நான் ஆறு மணிக்கே ஊட்டுக்குப் போயிட்டேன். அப்புறம் அதைப் பேயா எடுத்துச்சு?"

கயல்விழி இயற்பியல் படித்தவள். மூன்று பேரில் இருவரைக் கழித்தால் மீதி யார் என்று அறிய அவ்வளவு படிப்பு வேண்டாம். ஆனாலும் அவளால் நம்ப முடியவில்லை. சாரிடம் கேட்டதற்கு, போன் எதுவும் வரவில்லை என்று சொல்லிவிட்டார். வேலை கேட்டுப் போன மூன்று இடங்களில் ஊர் எது, எந்தத் தெரு என்று விசாரித்தார்கள். விசாரிக்காமல் வேலை கொடுத்தவர் அவர் ஒருவர்தான்.

அவளுக்கு உறுத்தியது வேறொன்று. ஒரு ஒற்று விட்டுப்போனால் நாள் முழுக்கத் திட்டுகிற மனிதர், இதற்கு ஒரு வார்த்தை திட்டவில்லை. காபி வாங்கிவரச் சொல்லி, அவளுக்கும் ஒன்று என்றார்.

பத்தாவது நாள் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"கண்ணு, ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். பக்கம் போட்ட புள்ள கவனிக்காம உட்டுருச்சு, ஆசிரியருக்குத் தகவல் வரலைன்னு எழுதிக் குடுத்தா, கண்டிச்சுப்போட்டு முடிச்சுருவாங்க. உன்ற வேலைக்கு ஒண்ணும் ஆகாது. அதுக்கு நானாச்சு."

"நானா கவனிக்காம உட்டேனுங்க சார்?"

"பக்கம் போட்டது நீதானே அம்மணி."

கையெழுத்துப் போட்டால் அது சென்னையோடு நிற்காது. பாதைக்காகக் காலனிக்காரர்கள் கலெக்டரிடம் கொடுத்த மனு அப்படியே கிடக்கிறது. உங்கள் பெண்ணே உள்ளே உட்கார்ந்து பெயரைப் போட்டிருக்கிறாள் பாருங்கள் என்று பாலுசாமி இந்தக் காகிதத்தைத் தூக்கிக் காட்டினால் மனு போச்சு. அப்புறம் எந்தப் பத்திரிகையும் அவளைப் படியேற விடாது.

"அந்த பாலுசாமி யாருன்னு நெனச்ச?" என்றாள் மெர்சி, அன்று சாயங்காலம் பையை எடுத்துக்கொண்டே. "சாரோட மச்சானை மில் சங்கத் தேர்தல்ல மண்ணக் கவ்வ வெச்ச ஆளு. அந்தாளைப் பத்தி எழுதறதுக்கு சாருக்கு ரொம்ப நாளாக் கை அரிச்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு. கேஸ் போட்டுருவான்னு பயம். சட்டசபையில பேசினதப் போட்டா அந்த பயம் இல்லையே."

மறுநாள் காலையில் கயல்விழி அலுவலகம் போகவில்லை. பஸ் பிடித்துப் போத்தனூர் போனாள். பத்திரிகை அங்கே சாமுவேலின் அச்சகத்தில்தான் ஓடுகிறது.

சாமுவேலுக்கு ஒரு வழக்கம் உண்டு. என்றோ ஓர் இரங்கல் விளம்பரத்தில், செத்தவரின் படத்துக்குப் பதில் உயிரோடு இருந்த தம்பியின் படம் வந்துவிட்டது. தம்பியே நேரில் வந்து சத்தம் போட்டார். அதிலிருந்து ஆசிரியரின் குரலைக் காதால் கேட்காமல் அவர் மிஷினை ஓட்டுவதில்லை. மெசேஜ் அனுப்பினால் செல்லாது. 'ஓட்டுங்க' என்று ஆசிரியர் வாயால் சொல்ல வேண்டும்.

"அன்னிக்கு சார் பேசினாருங்களாண்ணா?"

"பேசாம ஓட்டுவனா?" சாமுவேல் மை அப்பிய கையைத் துணியில் துடைத்தார். "எதுக்குக் கண்ணு கேக்கற?"

"வேற ஏதாச்சும் சொன்னாருங்களா?"

அவர் வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். உள்ளே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"என்ற பேரை இதுல இழுக்காத. ஒரு பக்கத்தோட பிளேட்டு மாத்தறதுன்னா எவ்வளவு நேரம் ஆகும்னு கேட்டாரு. முக்கால் மணி நேரம் ஆகுங்க, மாத்தோணுங்களான்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. லைன் போயிருச்சோன்னு பாத்தேன். அப்புறம் வேண்டாம், ஓட்டுங்கன்னாரு."

பத்திரிகையின் வக்கீல் வேங்கடசாமியின் அறைக்கு அன்று வரச் சொல்லியிருந்தார்கள்; போத்தனூரிலிருந்து நேராக அங்கே போனாள். கிருபாசங்கர் ஏற்கெனவே உள்ளே இருந்தார். கண்ணாடிக் கதவு. பேச்சு கேட்கவில்லை, வாய் அசைவது மட்டும் தெரிந்தது. ஒரு தடவை சார் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். வக்கீல் தலையை ஆட்டி எதையோ எழுதினார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த கயல்விழிக்கு, அங்கே என்ன பேசுகிறார்கள் என்பதைவிட சார் அவளிடம் மறைத்தது வக்கீலுக்கும் தெரிந்துவிட்டது என்பதுதான் பயமாக இருந்தது.

அவளைக் கூப்பிட்டார்கள். தட்டச்சு செய்த காகிதம் மேஜையில் இருந்தது. கையெழுத்துக்கு இடம் விட்டுப் பென்சிலால் புள்ளி வைத்திருந்தது.

"பயப்படாதீங்க அம்மணி" என்றார் வேங்கடசாமி. பேசப் பிடித்தவர். "இது உரிமைப் பிரச்சனை. பிரிவிலேஜ். சட்டசபைக்குள்ள அந்த உறுப்பினர் என்ன பேசினாலும் யாரும் கேஸ் போட முடியாது. அவைக்குன்னு இருக்கிற தனி உரிமை அது. அந்தக் காலத்துல சீமை ராஜாக்கள் ஒரு அச்சுக்காரனக் கூப்பிட்டு, இந்தப் பொஸ்தகத்த நீ மட்டும் அடிச்சு வித்துக்கோ, வேறெவன் அடிச்சாலும் உள்ள தள்ளிருவேன்னு எழுதிக் குடுப்பாங்க. அதுக்கும் பேரு இதேதான். ஒருத்தருக்குன்னு தனியா ஒரு சட்டம், அவ்வளவுதான் அர்த்தம்."

"சார் இப்ப உங்ககிட்டப் பேசினதுங்க?"

"அதுவும் அப்படித்தான். கட்சிக்காரர் வக்கீல்கிட்டச் சொன்னதை எந்தக் கோர்ட்டும் எங்கிட்ட வாங்க முடியாது."

"எனக்கு அந்த மாதிரி ஏதாச்சும் இருக்குதுங்களா?"

வேங்கடசாமி சிரித்தார். கிருபாசங்கர் சிரிக்கவில்லை.

கயல்விழிக்குக் குரல் எப்போதும் சன்னமாகத்தான் வரும். இப்போதும் அப்படித்தான் வந்தது.

"சார், அன்னிக்கு அச்சகத்துல ஒரு பிளேட்டு மாத்த எவ்வளவு நேரமாகும்னு கேட்டீங்களாமா?"

வக்கீல் சட்டென்று கையைத் தூக்கினார். "கிருபா, ஒண்ணும் பேசாதீங்க. அம்மணி, நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க. நீங்க இருக்கறப்ப அவரு பேசினா அதுக்கு ஒரு பாதுகாப்பும் இல்ல."

அவள் எழுந்திருக்கவில்லை. வெளியே போ என்று பெரியவர்கள் சொல்லி அவள் போகாமல் இருந்தது இதுதான் முதல் தடவை. நாற்காலியை மேஜைக்கு இன்னும் அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அந்தப் பத்தியக் கீழ இருந்து மேல தூக்கி வெச்சது நான்தானுங்க" என்றாள். "பாத்தவுடனே பேரு தெரியோணும்னு வெச்சேன். நீக்கினது தெரியாது. தூக்கி வெச்சேன்னு எழுதிக் குடுங்க, கையெழுத்துப் போடறேன். இதுல தகவலே வரலைன்னு எழுதியிருக்குது. அது எனக்குத் தெரியாதுங்க சார். நீங்க எம்மூஞ்சியப் பாத்து ஒருக்கா வாயில சொல்லிருங்க. சொன்னீங்கன்னா இதுலயே போட்டுடறேன்."

பேனாவைத் திறந்து காகிதத்தின் மேல் வைத்தாள்.

"கிருபா" என்றார் வக்கீல்.

கிருபாசங்கர் காகிதத்தைப் பார்த்தார். பென்சில் புள்ளியைப் பார்த்தார். தகவல் வரலை என்று சொல்ல வாயைத் திறந்தார். முதல் வார்த்தை வந்தது, அடுத்தது வரவில்லை. மூடிக்கொண்டார். கீழே தெருவில் யாரோ விடாமல் ஹாரன் அடித்தார்கள். அது நிற்கும்வரை காத்திருந்தார்.

"பிரவின் கூப்பிட்டப்ப ஆபீஸ்ல நான் மட்டுந்தான் இருந்தேன்" என்றார். "போனை எடுத்தது நான்தான் கண்ணு."