தீர்ப்பு இல்லாத ஆறு சுற்று

பாழாய்ப்போன சட்டம் அது. குத்துச்சண்டையில் கடைசி மணி அடிக்கும்போது இரண்டு பேரும் காலூன்றி நின்றுகொண்டிருந்தால், யார் ஜெயித்தது என்று நடுவர் வாயைத் திறக்கக் கூடாது. ஆறு சுற்று முடிந்ததா, தொப்பியை மாட்டிக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். 1913இல் பிலடெல்பியாவில் இதுதான் நடைமுறை. எதிராளியைத் தரையில் கிடத்தினால் ஒழியப் பட்டம் கைமாறாது. மற்றபடி வென்றவன் யார் என்பதை மறுநாள் காலையில் பத்திரிகைக்காரர்கள் எழுதுவார்கள். ஊரும் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளும்.

யார் ஜெயித்தால் ஃபிலொமினாவுக்கு என்ன? ஒன்றும் இல்லைதான். ஆனால் இந்தத் தடவை அவள் புருஷனின் இடது கண் அந்தப் பத்திரிகைகளில் தொங்கிக்கொண்டிருந்தது.

புருஷன் பெயர் டொனாட்டோ. இத்தாலிக்காரர்கள் வாழும் ஒன்பதாம் தெருவில், அவள் அப்பா சபாட்டினோவின் கறிக்கடையில்தான் அவனுக்கு வேலையும் குடியிருப்பும். மேடையில் மட்டும் அவன் டாமி ஹெனஸி. சீட்டு வாங்கி அரங்கை நிரப்புகிறவர்கள் அயர்லாந்துக்காரர்கள்; இத்தாலிக்காரன் ஜெயிப்பதைப் பார்க்க அவர்கள் எதற்குக் காசு கொடுக்கப்போகிறார்கள்? அதனால் மேலாளர் அவர்களுக்குப் பிடித்த பச்சை நிறத்தில் கால்சட்டை ஒன்றை மாட்டிவிட்டு, அயர்லாந்துப் பெயரையும் சூட்டிவிட்டார். அந்தத் தெருவில் பாதிப் பையன்கள் இப்படித்தான், பகலில் ஒரு பெயர், மேடையில் ஒரு பெயர்.

அவன் இடது கண்ணைப் பார்த்த டாக்டர், இன்னும் சில சண்டைகள் போட்டால் அதில் பார்வை தங்காது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். ஃபிலொமினா அழுதாள், திட்டினாள், இரண்டு நாள் அடுப்பே மூட்டவில்லை. கடைசியில் டொனாட்டோ இறங்கி வந்தான். "மாதா மேல சத்தியம்டி. உலகச் சாம்பியன் லூ ஸ்ட்ராஸரோட ஒரு சண்டை. அதுல நான் ஜெயிச்சேன்னு ஆயிடுச்சுன்னா கையுறையைக் கழட்டிடுறேன். இல்லேன்னா ஜெயிக்கிற வரைக்கும் போடுவேன். எட்டு வருஷமா அடி வாங்கினதுக்கு ஒரு அர்த்தம் வேண்டாமா?"

அந்தச் சண்டைதான் நேற்று நடந்து முடிந்திருந்தது. ஆறு சுற்றும் முடிந்தபோது இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

காலையில் மூன்று பத்திரிகைகளையும் வாங்கிவந்து ஃபிலொமினா படித்தாள். முதல் பத்திரிகை, சாம்பியன் விளையாட்டாகவே ஜெயித்தார் என்றது. இரண்டாவதும் அதே பாட்டு. மூன்றாவது, போனால் போகிறது என்று, சமம் என்றது. டொனாட்டோ கிழிந்த உதட்டோடு காப்பியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தான்.

"ஆறுல அஞ்சு சுத்து என்னோடதுன்னு நெனச்சேன்" என்றான். "நெனப்புதான் பொழப்பைக் கெடுத்துச்சாம்."

"நீ நெனச்சது சரிதான். இவனுங்க புளுகுறானுங்க."

"நீ என் பொண்டாட்டி, நீ வேற எப்படிச் சொல்லுவ? மூணு பேர் உக்காந்து பாத்திருக்கானுங்க. ஒருத்தன்கூட சொல்லலையே." காப்பிக் கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்தான். "மேலாளர்கிட்ட சொல்லி மறுபடி சண்டை கேக்கச் சொல்றேன். ஸ்ட்ராஸர் ஒத்துக்கிற வரைக்கும் வேற நாலு பேரோட போட வேண்டியதுதான்."

"கண்ணு?"

"இன்னொண்ணு இருக்குல்ல."

கையில் இருந்த கரண்டியை அவள் அவன்மேல் எறிந்தாள். அவன் தலையைச் சாய்த்துத் தப்பித்துக்கொண்டு, பின்கட்டில் தொடைக்கறி வெட்டப் போய்விட்டான். இதிலெல்லாம் கெட்டிக்காரன், சாம்பியனுக்கே சிக்காதவன் கரண்டிக்கா சிக்குவான்? அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு கடை முன்பக்கம் வந்து நின்றாள். அப்பா வெட்டுக்கட்டையைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் கட்டம் போட்ட கோட்டும் கண்வரை இறக்கிய தொப்பியுமாக ஒருவன் உள்ளே நுழைந்தான். வாசலை இரண்டு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

"பெரியவரே, கொழுப்பில்லாத மாட்டுக்கறி கனமா ரெண்டு துண்டு குடுங்க."

"வறுக்கவா, குழம்புக்கா?"

"திங்க இல்லய்யா. வீங்கின கண்ணு மேல வைக்க."

"அதுக்கு ஒரு துண்டு போதுமே" என்றார் சபாட்டினோ.

"ரெண்டு கண்ணும் வீங்கிக் கெடக்கே!"

ஃபிலொமினாவுக்குச் சுருக்கென்றது. பேச்சில் சிகாகோ வாடை. ஸ்ட்ராஸர் சிகாகோக்காரன். முகத்தைப் பச்சைப் பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு, "ஐயோ பாவம், குதிரை கிதிரை உதைச்சிடுச்சா?" என்றாள்.

"குதிரைன்னா பரவாயில்லையேம்மா! ஒரு அயர்லாந்துக்காரன். ஹெனஸின்னு பேரு. நான் லூ ஸ்ட்ராஸரோட பயிற்சியாளர். ஹோட்டல்ல கறி கேட்டா கீழ உக்காந்திருக்கிற பத்திரிகைக்காரனுங்களுக்குத் தெரிஞ்சிடும். உங்க ஆளுங்களுக்குத்தான் இந்தச் சண்டையெல்லாம் தெரியாதே, அதான் இவ்வளவு தூரம் வந்தேன்."

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்! ஃபிலொமினா ஒரு முக்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காந்து சொல்லுங்கண்ணே, எங்களுக்கும் பொழுது போகும். அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். சத்தமா சொல்லுங்க."

அடுத்த தெருவில் காசு விழுந்தால் எந்தக் காசு என்று சொல்லக்கூடியவர் சபாட்டினோ. மகளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு, "ஆங்?" என்றார்.

"அடி பின்னிட்டான்யா!" என்று வந்தவன் கத்தினான். "அஞ்சு சுத்து முழுக்க அவன் கைதான் ஓங்கியிருந்துச்சு. ஆறாவதுல எங்காளு ஓடி ஓடியே தப்பிச்சான். இப்பக் கஞ்சியைத் தவிர எதுவும் இறங்கல."

"பேப்பர்ல உங்காளு ஜெயிச்சதா போட்டிருக்காமே?" என்றாள் ஃபிலொமினா.

"பின்ன? அந்த மூணு பத்திரிகைக்காரனுங்களுக்கும் வறுத்த கறியும் சுருட்டும் விஸ்கியுமா வாங்கிக் கொட்டினது யாரு? நான்தானே! ஒருத்தன் மட்டும் வயித்து வலின்னு பாதிச் சாப்பாட்டுலயே எழுந்து போயிட்டான். அவன்தான் சமம்னு எழுதித் தொலைச்சவன்."

உண்ட சோற்றுக்கு நன்றி காட்டிவிட்டார்கள், உத்தமர்கள்.

பின்கட்டில் கத்திச் சத்தம் எப்போதோ நின்றிருந்தது. கதவு திறந்தது. ரத்தக்கறை படிந்த மேலங்கியோடு டொனாட்டோ வெளியே வந்தான். வந்தவன் அந்த முகத்தைப் பார்த்தான். ஆறு சுற்று முழுக்கப் பார்த்த முகம். முக்காலி கவிழ அப்படியே எழுந்து நின்றான்.

"நீ... ஹெனஸி? இங்க என்னய்யா பண்ற?"

"மாமனார் கடை" என்றான் டொனாட்டோ. "எந்தக் கண்ணு ரொம்ப மோசம்?"

"வலது."

"அது மூணாவது சுத்துல." கறியை எடுத்துக் கட்டைமேல் போட்டு, பார்த்துப் பார்த்துக் கனமாக இரண்டு துண்டு அறுத்தான். "சூடேறினா திருப்பிப் போடச் சொல்லுங்க. ரொம்ப அழுத்தக் கூடாது."

வந்தவன் லேசுப்பட்ட ஆள் இல்லை. திகைப்பு தெளிந்ததும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினான். "கேளு தம்பி. உன்னைத் தேடி உன் மேலாளர்கிட்ட போறதாதான் இருந்தேன். சான் பிரான்சிஸ்கோல மறுபடி ஒரு சண்டை. இருபது சுத்து. அங்க நடுவர் தீர்ப்பு சொல்லலாம். ஜெயிச்சா பட்டமே உனக்கு."

ஃபிலொமினா தன்னையே நொந்துகொண்டாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டோமே! வாயை மூடிக்கொண்டு கறியைக் கட்டிக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். இருபது சுற்று. அந்தக் கண் பத்துச் சுற்றுகூடத் தாங்காது.

டொனாட்டோ கத்தியைத் துடைத்தான். "இதை யார் கேக்குறது? நீங்களா?"

"லூவே கேக்குறான். ராத்திரி பூரா தூங்கல. அவனை மறுபடி கொண்டாங்க, மறுபடி கொண்டாங்கன்னு ஒரே புலம்பல்."

"அவன் வாயால கேட்டானா?"

"சத்தியமா."

டொனாட்டோ சிரித்தான். கிழிந்த உதடு வலித்திருக்கும், இருந்தாலும் சிரித்தான். "அண்ணே, ஜெயிச்சவன் மறுபடி கேப்பானா?"

வந்தவன் கையில் இருந்த தொப்பியைச் சுற்றினான்.

"தோத்தவன்தானே கேப்பான். காலை வரைக்கும் நான் கேட்டுக்கிட்டிருந்தேன். இப்ப அவன் கேக்குறான். எனக்கு இது போதும்ணே." கறியைத் தாளில் சுற்றி அவன் கையில் வைத்தான். "உடம்பைப் பாத்துக்கச் சொல்லுங்க. நல்லா அடிக்கிறான்."

அந்த ஆள் போனதும் சபாட்டினோ மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெட்டுக்கட்டைப் பக்கம் திரும்பிவிட்டார். அதற்குள் மூன்று பெண்கள் கறி வாங்க வந்து காத்து நின்றார்கள். ஃபிலொமினா அவர்களைக் கண்டுகொள்ளவே இல்லை. டொனாட்டோவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, அந்த இடது இமைமேல் முத்தம் கொடுத்தாள்.

"யார் ஜெயிச்சா?" என்றாள்.

"ஏண்டி, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். சொல்லு. யார் ஜெயிச்சா?"

"நான்தான்டி" என்றான் டொனாட்டோ.